பத்மநாபபுரம் அரண்மனை: அவசரமில்லாமல் பார்க்க வேண்டிய மர வீடு

அரண்மனை என்றதும் மதுரை திருமலை நாயக்கர் மகால் மாதிரி அண்ணாந்து பார்க்கும் தூண்களை எதிர்பார்த்துப் போனால், கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கத்திலிருக்கும், திருவிதாங்கூர் ராஜாக்கள் வாழ்ந்த பத்மநாபபுரம் முதல் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். ஓட்டுக்கூரை, மரத்தூண், குனிந்து நுழையும் வாசல், முற்றத்தைத் தாண்டினால் இன்னொரு முற்றம். கருங்கல் கோட்டைக்குள்ளே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போன ஒரு பெரிய வீடு இது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

வாசலில் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். உள்ளே நுழைந்ததும் பலர் நேராக மாடிப்படிக்குப் போய்விடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மேலே பாருங்கள்: மரக்கூரை முழுக்க ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத 90 பூக்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அதன் கீழே வெண்கலத்தில் ஒரு குதிரை விளக்கு தொங்குகிறது.

மாடியில் மந்திரசாலை, அதாவது ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த இடம். முழு அரண்மனையிலும் எனக்கு மனசுக்கு நெருக்கமான அறை இதுதான். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக வண்ண மைக்காத் தகடுகள், சாய்வான மர அழிகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மங்கலான வெளிச்சமும் காற்றும் மட்டும்தான் வரும். அப்புறம் அந்தக் கறுப்புத் தரை! சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் ஜன்னலின் வெளிச்சம் தரையில் கோடுகோடாகத் தெரியும்.

எல்லாவற்றிலும் பழையது தாய்க் கொட்டாரம், அதாவது தாய் அரண்மனை. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அங்கே பலாமரத்தில் மேலிருந்து கீழ்வரை செதுக்கிய ஒரு தூண் இருக்கிறது, அதைச் சுற்றி நடந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள். சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரை இரண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் பந்தியில் உட்காரலாம்.

அரண்மனையை இன்றைய அளவுக்கு விரித்துக் கட்டியதில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்குப் பெரிய பங்கு. 1750இல் திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாப சுவாமிக்கே எழுதி வைத்தவர் அவர். அவர் கட்டிய உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், மேலே போனால் பல மூலிகை மரங்களால் செய்த கட்டில். 1795இல் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. நம் மண்ணில் இருக்கும் கட்டிடத்தை அந்த மாநிலம் பராமரிக்கிறது. இவ்வளவு மழை பெய்யும் ஊரில் இத்தனை மரத்தைக் கரையான் இல்லாமல் காப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

குறை என்றால், மாடிப்படிகள் செங்குத்து, வாசல்கள் தாழ்வு. மூட்டுவலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் கீழ்த்தளமும் நவராத்திரி மண்டபமும் போதும். அங்கே கல்தூண் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக நேரம் போக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. கூட்டம் சேருவதற்கு முன்னால், காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள், கால் நாளாவது ஒதுக்குங்கள். உள்ளே வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், அந்தத் தரைக்கு அதுவே சரி.