துளையிடத் தேவையில்லை என்று விற்கப்பட்ட ஸ்பாய்லரும் என் காரின் பின்கதவில் விழுந்த நான்கு துளைகளும்

ஹேட்ச்பேக் காருக்கு இணையத்தில் பின் ஸ்பாய்லர் (பின்கதவின் மேல்விளிம்பில் பொருத்தும் இறக்கை போன்ற பகுதி) வாங்கி வீட்டிலேயே பொருத்த நினைப்பவர்கள், குறிப்பாகப் பெட்டி கைக்கு வந்தும் இன்னும் டேப்பின் மேல்தாளை உரிக்காமல் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு விற்றவர் பொருந்தாத பொருளை அனுப்பினார். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: நான் முறையிட்ட ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன ஆலோசனை, அந்தப் பொருளைத் திருப்பி அனுப்பும் என் உரிமையில் ஒரு பங்கை அழித்தது. அது எனக்குப் புரிந்தபோது கதவில் துளை விழுந்துவிட்டிருந்தது.

ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது, என் காரின் மாடலுக்கென்றே செய்யப்பட்டது, துளையிடத் தேவையில்லை, கார் நிறுவனத்தின் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கப்பட்டது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது ஸ்பாய்லரோடு ஒரு சுருள் வெள்ளை ஃபோம் டேப்பும், பெயர் எதுவும் அச்சிடாத ஒரு பசைக் குழாயும், நான்கு ஸ்க்ரூக்களும் இருந்தன. துளையிடத் தேவையில்லாத பொருளோடு ஸ்க்ரூ எதற்கு வருகிறது என்ற கேள்வியை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஸ்பாய்லரைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் சொரசொரப்பாக இருந்தது. பிசினில் ஊறிய கண்ணாடி இழைகள் கண்ணுக்கே தெரிந்தன. அச்சில் வார்த்த ஏபிஎஸ் பொருளின் உட்புறம் வழவழப்பாகவும், வலுவுக்காகக் கொடுக்கும் மெல்லிய விலா வரிகளோடும் இருக்கும். என் கையில் இருந்தது கையால் அடுக்கிச் செய்த ஃபைபர். ஃபைபர் என்பதாலேயே அது மட்டமான பொருள் ஆகிவிடாது. நன்றாகச் செய்த ஃபைபர் ஸ்பாய்லர்களும் உண்டு. ஆனால் அச்சின் நேர்த்தியும் உலரவிட்ட நேரமும் சரியில்லாவிட்டால் அது கோணிக்கொள்ளும், பிறகு அதை வளைத்துச் சரிசெய்ய இயலாது.

டேப்பை ஒட்டாமல் கதவின்மேல் வைத்துப் பார்த்தேன். நடுப்பகுதி படிந்தது, இரு முனைகளும் தகட்டை விட்டு எழும்பி நின்றன, இடப்பக்கம் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. உடனே விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மிகவும் பணிவாகப் பேசினார். டேப் ஒட்டாமல் வைத்தால் எல்லா ஸ்பாய்லரும் அப்படித்தான் தெரியும் என்றும், மேல்தாளை உரித்து நன்றாக அழுத்தினால் இடைவெளி தானாக அடங்கிவிடும் என்றும், ஒரு மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம் என்றும் சொன்னார். நான் உரித்தேன். டேப் உரிக்கப்பட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்ற விதி, விற்பனைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கண்டேன். அந்த விதியை எழுதியவரே என்னை உரிக்கச் சொன்னவர்.

அவர் சொன்னது ஏன் தவறு என்பதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இதே பதிலைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். கார்களின் வெளிப்புறத்தில் பயன்படுத்தும் அக்ரிலிக் ஃபோம் டேப் மிக வலுவானது. ஆனால் அதன் வலு, இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முயலும்போதும் நேராக இழுபடும்போதும் வெளிப்படுவது. ஓரத்திலிருந்து உரிக்கும் விசை, அது சிறியதாக இருந்தாலும், இரவும் பகலும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால் எந்த டேப்பும் மெல்ல விட்டுக்கொடுக்கும். வளைந்து படியாத ஸ்பாய்லரை அழுத்தி ஒட்டும்போது, தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலும் அந்தப் பொருளே முனைகளில் அப்படிப்பட்ட விசையாக மாறிவிடுகிறது. கார் ஓடாமல் நின்றிருந்தாலும் டேப் உரிந்துகொண்டே இருக்கும். அத்துடன், அக்ரிலிக் டேப் ஒட்டிய உடனே முழு வலுவை அடைவதில்லை. சாதாரண அறை வெப்பநிலையில் முதல் 20 நிமிடங்களில் ஏறத்தாழ பாதியும், 24 மணி நேரத்தில் பெரும்பகுதியும், 72 மணி நேரத்தில் முழுமையும் வந்து சேரும். ஒரு மணி நேரத்தில் வண்டியை எடுக்கலாம் என்ற பேச்சு இந்த டேப்பின் இயல்புக்கே எதிரானது. எனக்கு வந்த வெள்ளை டேப்போ அக்ரிலிக் வகையே அல்ல. சுவரில் கொக்கி மாட்டப் பயன்படும் சாதாரண ஃபோம் டேப், கிள்ளினால் பொடியாக உதிர்ந்தது.

உடன் வந்த தாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டவும் என்று மட்டுமே இருந்தது. கார் பெயின்ட்டின் மேல் மெழுகோ சிலிக்கோன் கலந்த பாலிஷோ படிந்திருந்தால் டேப் அந்தப் படலத்தின்மேல்தான் ஒட்டும், பெயின்ட்டின்மேல் ஒட்டாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்து, முற்றிலும் உலரவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். பெயரில்லாத அந்தப் பசைக் குழாயை நான் திறக்கவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தேன். ஒரு மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் துண்டு 40 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறும்போது சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், அதே நீளமுள்ள இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர்தான் நீளும். ஃபோம் டேப் இந்த வேறுபாட்டைத் தன் தடிமனுக்குள் வாங்கிக்கொள்ளும், கல்லாக இறுகும் பசை வாங்கிக்கொள்ளாது.

இரண்டாம் நாள் இடது முனை விட்டுவிட்டது. மறுபடி அழைத்தேன். அதற்காகத்தான் ஸ்க்ரூ கொடுத்திருக்கிறோம், பக்கத்துக்கு இரண்டு போட்டுவிடுங்கள், வாழ்நாள் முழுவதும் அசையாது என்றார். விளம்பரத்தில் துளையிடத் தேவையில்லை என்றீர்களே என்று கேட்டதற்கு, அது மென்மையாக ஓட்டுபவர்களுக்கு என்று பதில் வந்தது. அப்போதும் அவர் குரலில் இருந்த உறுதியை நம்பி, கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்க்காமலேயே துளையிட்டேன். பின்கதவின் மேற்பகுதிக்குள் பிரேக் விளக்கின் வயரும், கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகளுக்கான வயரும், பின் வைப்பருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயும் ஓடுகின்றன. என் துளைகளில் ஒன்று அந்தக் குழாய்க்கு ஒரு விரல் தள்ளி விழுந்திருந்ததைப் பின்னர் பார்த்தபோது உடல் நடுங்கியது. துளையின் விளிம்பில் வெறும் இரும்பு தெரியும்; அதற்குத் துரு தடுக்கும் பிரைமர் பூச வேண்டும், ஸ்க்ரூவுக்கு அடியில் தண்ணீர் புகாத வாஷர் இட வேண்டும். இவற்றில் எதையும் அவர் சொல்லவில்லை, தாளிலும் இல்லை. அடுத்த மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கியது.

ஸ்க்ரூ போட்ட பிறகு ஃபைபர் அந்த இடங்களில் விரியத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் போகும்போது பின்னாலிருந்து தடதடவென்று சத்தம் கேட்டு ஓரம் கட்டினேன். இடப்பக்கம் ஸ்க்ரூவைச் சுற்றி உடைந்து, ஸ்பாய்லர் பாதி தூக்கிக்கொண்டிருந்தது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 40 கிலோமீட்டர் வேகத்தில் தாங்கியது 80-இல் நான்கு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அது கழன்று பறந்து பின்னால் வந்த இருசக்கர வாகனத்தின்மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. இந்தப் பதிவை எழுதியதற்கு, நான் இழந்த பணத்தைவிட அந்த எண்ணமே காரணம்.

அதை அங்கேயே முழுவதுமாகக் கழற்றிக் காருக்குள் வைத்து, பாடி வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார்: இது என் மாடலின் பழைய வடிவத்துக்கானது. இடையில் நிறுவனம் காரின் முகத்தை மாற்றியபோது பின்கதவின் வளைவும் மாறியிருக்கிறது, பெயர் மட்டும் மாறவில்லை. மேலே இருக்கும் மூன்றாம் பிரேக் விளக்கையும் அவர்தான் காட்டினார். ஸ்பாய்லரில் அதற்கென வெட்டியிருந்த திறப்பு தாழ்வாக அமைந்ததால், உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது முழுதாகத் தெரிந்த விளக்கு, லாரி ஓட்டுபவரின் கண் உயரத்திலிருந்து பாதி மறைந்திருந்தது. நான் அந்த உயரத்தில் நின்று பார்த்ததே இல்லை. துளைகளை அடைத்து, பட்டி போட்டு, கதவின் மேற்பகுதி முழுவதற்கும் பெயின்ட் அடிக்க ஆன செலவு, ஸ்பாய்லரின் விலையைவிடப் பல மடங்கு அதிகம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியபோதுதான் விற்றவர் முதன்முறையாக எழுத்தில் பதில் தந்தார். டேப் உரிக்கப்பட்டிருக்கிறது, பொருள் துளையிடப்பட்டிருக்கிறது, பொருத்தியவரின் கவனக்குறைவால் உடைந்திருக்கிறது, ஆகவே ஏற்க இயலாது என்று மூன்று வரிகள். உரிக்கச் சொன்னதும் துளையிடச் சொன்னதும் தொலைபேசியில் நடந்த பேச்சு, அதற்கு என்னிடம் சான்று இல்லை. டேப் ஒட்டும் முன் கதவின்மேல் வைத்துப் பார்த்த நிலையில் ஒரு படம்கூட நான் எடுத்து வைக்கவில்லை. விற்பனைத் தளத்தில் முறையிட்டேன். அவர்களும் அந்த மூன்று வரிகளையே காட்டி முடித்துவிட்டார்கள்.

அந்த விளம்பரம் இன்னும் அதே வாசகங்களோடு இருக்கிறது. அதிலுள்ள படத்தை உற்றுப் பார்த்தால், கார் நிறுவனமே தயாரித்துப் பொருத்திய ஸ்பாய்லரின் படம் என்பது விளக்கின் ஓரத்து ரப்பரிலிருந்து தெரியும். எனக்கு வந்ததில் ரப்பரே கிடையாது. அதுபோன்ற பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், காரின் பெயரோடு தயாரிப்பு ஆண்டையும் குறிப்பிட்டு, பொருந்துமா என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். கதவில் மாஸ்கிங் டேப்பால் இடத்தைக் குறித்து, ஸ்பாய்லரை அழுத்தாமல் சும்மா வைத்து, இரு முனைகளையும் விளக்கையும் அளவுகோலோடு படம் எடுங்கள். முனைகள் தாமாகப் படியவில்லை என்றால் அந்தப் படத்தை அன்றே அனுப்பிவிட்டு, மேல்தாள் உரிக்கப்படாத டேப்போடு பெட்டியை மூடி வைத்துவிடுங்கள். தொலைபேசியில் அழைத்து வேறு வழி சொன்னால் அதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.