வெட்டுக் கண்ணாடியா, அச்சுக் கண்ணாடியா, ஊதல் கண்ணாடியா? தருமபுரி வீட்டுக்கேற்ற மெழுகுவர்த்தித் தாங்கிகள்

தருமபுரியில் ஒருவர் கண்ணாடி மெழுகுவர்த்தித் தாங்கிகளைச் சேர்க்கத் தொடங்கினால், அழகையும் விலையையும் பார்ப்பதற்கு முன் வீட்டுத் தண்ணீரைப் பற்றி எண்ண வேண்டும் என்பது என் பதினொரு ஆண்டு அனுபவம். என் அலமாரியில் இருக்கும் நாற்பத்துச் சொச்சம் தாங்கிகளில் ஏற்றப்படாமல் இருப்பது ஒன்றுகூட இல்லை. ஆகவே இங்கே நான் ஒப்பிடுவது, ஏற்றி, மெழுகை எடுத்து, கழுவித் துடைத்து, மறுபடி ஏற்றும்போது ஒவ்வொரு வகையும் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான்.

முதலில் வெட்டு வேலைப்பாடு உள்ள ஈயப் படிகக் கண்ணாடி. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674இல் காப்புரிமை பெற்ற கண்ணாடியிலிருந்து வளர்ந்த மரபு இது. ஈய ஆக்சைடு 24 விழுக்காடும் அதற்கு மேலும் சேர்க்கப்படுவதால் ஒளி மிகுதியாக வளைகிறது. கண்ணாடி சற்று மென்மையாக இருப்பதால் சக்கரத்தில் ஆழமாகவும் கூர்மையாகவும் வெட்ட முடிகிறது. ஒரே சுடர் இருபது சுடராகத் தெரிவது இந்த இரண்டினாலும்தான். ஆனால் அந்தக் கூரிய பள்ளங்களே நம் ஊரில் இதற்குப் பகையாகின்றன. பெங்களூருவில் ஒரு பழைய பொருள் கடையில் ஆசையாக வாங்கிவந்த ஓர் இணையை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டேன். சில வாரங்களில் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் வெண்மையான உப்புப் படிவம் ஏறிவிட்டது. நம் மாவட்டத்து நிலத்தடி நீர் என்றதும் எல்லோரும் ஃபுளோரைடைச் சொல்வார்கள், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததும் அதன் பொருட்டுத்தான்; ஆனால் கண்ணாடியில் படிவது பெரும்பாலும் கடின நீரின் கால்சியம், மெக்னீசியம் உப்புகளே. வினிகரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்த்ததில் பாதி போயிற்று. மீதி போகவேயில்லை, இன்றும் அந்த இணையைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. இப்போது இந்த வகையைக் குடிநீரில் மட்டுமே கழுவுகிறேன், ஈரம் காய்வதற்குள் பருத்தித் துணியால் துடைத்துவிடுகிறேன்.

அச்சுக் கண்ணாடி இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தருவதில்லை. உருகிய கண்ணாடியை அச்சுக்குள் விட்டு உலக்கை போன்ற கருவியால் அழுத்தி வார்ப்பதால் விளிம்புகள் மழுங்கி உருண்டிருக்கின்றன. துணி எல்லா மூலைக்கும் போகிறது. வாங்கும்போது விரலால் தடவினால் அச்சின் சேர்ப்புக் கோடு பெரும்பாலும் தட்டுப்படும், வெட்டுக் கண்ணாடி என்று சொல்லி விற்கப்படும் அச்சுக் கண்ணாடியை நான் அப்படித்தான் பிரித்தறிகிறேன். ஒளியைச் சிதறடிப்பதில் இது பின்தங்குவது உண்மை. ஆனால் டீலைட் எனப்படும் சிறு மெழுகுவர்த்திக்குச் சிதறல் தேவையில்லை, தடித்த நிறச் சுவர் முழுவதும் ஒளி பரவி நிறைவதே அழகு. பின்லாந்தின் இட்டாலா நிறுவனத்துக்காக ஹெய்க்கி ஓர்வோலா 1988இல் வடிவமைத்த கிவி என்னும் கிண்ணம் இதற்குச் சிறந்த சான்று. ஃபின்னிய மொழியில் அந்தப் பெயருக்குக் கல் என்று பொருள்; கருங்கல் பூமியில் பிறந்த எனக்கு அந்தப் பெயர் கூடுதலாகவே பிடித்துப்போனது.

தடித்த கண்ணாடிதான் சூட்டைத் தாங்கும் என்ற நம்பிக்கையை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் உட்புறம் சூடேறி விரியும்போது வெளிப்புறம் குளிர்ந்தே இருந்து இழுபடுகிறது, விரிசல் அங்கிருந்து தொடங்குகிறது. சுவர் தடிக்கத் தடிக்க இந்த வேறுபாடு கூடும். எனவே அச்சுக் கிண்ணத்துக்குள் மெழுகுவர்த்தியை நேராக ஒட்டி அடிவரை எரியவிடக் கூடாது. உலோகக் கிண்ணத்தோடு வரும் டீலைட்டே அதற்குப் பொருத்தம்.

ஆக்ராவுக்கு அருகிலுள்ள ஃபிரோசாபாத்தின் ஊதல் கண்ணாடியைக் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக் கடைகளில் பார்த்து வாங்கியிருக்கிறேன். தாஜ்மகாலைக் காக்க உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்புக்குப் பின் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறிய தொழில் அது. கையால் ஊதியதால் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை, உள்ளே நிற்கும் சிறு குமிழிகள் எனக்கு மிகவும் விருப்பமானவை. மலிவானவற்றில் சிலவற்றுக்கு நிறம் கண்ணாடியில் இல்லாமல் மேற்பூச்சில் இருக்கிறது, அது சூட்டில் உரிந்துவிடும். அடிப்பகுதியின் ஓரத்தில் நிறமற்ற கண்ணாடி தெரிந்தால் அது மேற்பூச்சு என்று அறிந்து விலக்க வேண்டும்.

ஆடிக் காற்றில் மாடியிலும் திண்ணையிலும் ஏற்றுவதற்கு இவை மூன்றுமே போதாது. அங்கே போரோசிலிகேட் கண்ணாடிக் கூண்டுதான் நிற்கும், ஏனெனில் அது சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. வேலைப்பாடு எதுவும் இல்லாத வெறும் குழாய்தான் என்றாலும், என் வீட்டில் மின்தடை இரவுகளில் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அடியில் காற்று நுழைய இடைவெளி உள்ளதாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சுடர் தள்ளாடிக் கரி படியும்.

எலத்தகிரியில் இருக்கும் என் அத்தை கிறிஸ்துமஸுக்கு ஏற்றுவது நீண்ட மெழுகுவர்த்திகளை. அவருக்கு நான் வெட்டுப் படிகத் தண்டுகளையே வாங்கித் தந்தேன். அங்கே சுடர் கண்ணாடிக்கு வெகு உயரத்தில் நிற்கிறது, வழியும் மெழுகு மட்டுமே தண்டைத் தொடுகிறது, இரண்டு விரற்கடை மீதமிருக்கும்போதே அணைத்துவிட்டால் சூடு எட்டுவதே இல்லை. உறைந்த மெழுகை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் இளக்கி விரல் நகத்தால் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அச்சுக் கிண்ணங்களுக்கு நான் செய்வதுபோல் படிகத்தைக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைக்க அவரை விடவில்லை.