கபுகிஸாவின் நாலாம் மாடி: ஓர் அங்கத்துக்கு மட்டும் டிக்கெட்

டோக்கியோவில் ஜப்பானிய மரபு நாடகமான கபுகி பார்க்க முழுக் காட்சிக்கும் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. அது நாலு மணித்தியாலம் அளவில் போகும், கீழ்த்தளத்து விலையும் கையைக் கடிக்கும். கின்ஸாவிலுள்ள கபுகிஸா அரங்கின் நாலாம் மாடியில் ஓர் அங்கத்துக்கு மட்டும் மலிவாக டிக்கெட் தருகிறார்கள். வன்னியிலிருந்து போன எனக்கு அதுதான் கட்டுப்படியானது.

எனக்குக் கிடைத்தது 1840இல் முதலில் மேடையேறிய 'கஞ்சின்சோ'. தமையனுக்குத் தப்பியோடும் யோஷிட்சுனே சுமைகூலி வேடத்தில் வருகிறான், கூட வருபவர்கள் மலைத் துறவிகளாக. வழியில் சோதனைச் சாவடி. கோயில் திருப்பணிக்குக் காசு சேர்க்கிறோம் என்கிறார்கள். அப்படியென்றால் காசு சேர்க்கும் பத்திரத்தை வாசி என்கிறான் காவலதிகாரி தொகாஷி. யோஷிட்சுனேயின் ஆளான பெங்கேய் வெறும் சுருளை விரித்து, எழுத்து இருப்பதுபோலக் கணீரென்று வாசிக்கிறான். தொகாஷி எட்டிப் பார்க்க, வெடுக்கென்று மறைக்கிறான். பிறகு சந்தேகம் சுமைகூலி மேல் திரும்புகிறது. பெங்கேய் தன் எசமானையே தடியால் அடிக்கிறான். தொகாஷிக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது, ஆனாலும் போக விடுகிறான். ஆங்கில விளக்கக் கருவியை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன், அந்த நேரம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற ஆட்களுக்குக் காவலில் நிற்பவனின் முகத்தைப் படிக்கக் கருவி எதற்கு?

பாட்டு வேறு மாதிரி. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் ஆடுகிறவரே பாடுவார். இங்கே நடிகர்கள் வசனம் மட்டும்தான், பாடகர்களும் ஷாமிசென் என்ற மூன்று நரம்பு வாத்தியம் வாசிப்பவர்களும் பின்னால் வரிசையாக இருந்து கதையை நடத்துகிறார்கள். நடிகர் உச்சக் கட்டத்தில் சிலைபோல உறையும்போது மேல்மாடியிலிருந்து அவருடைய குடும்பப் பட்டப்பெயரைக் கூவுகிறார்கள். விசிலடித்துப் பழகிய நம்மவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது நல்லது. எந்த நொடியில் கூவ வேண்டுமென்று தெரிந்த பழைய ரசிகர்கள் அங்கே இருக்கிறார்கள்.

குறை ஒன்று இருக்கிறது, சின்னக் குறை இல்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பெங்கேய் கடைசியாக, சபையை ஊடறுத்துப் போகும் ஹனமிச்சி நடைபாதையில் துள்ளித் துள்ளிப் போவான். நாலாம் மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பாதையின் பின்பாதி தெரியாது. கீழே இருப்பவர்கள் கைதட்ட, நாங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தோம். இந்த அங்கத்துக்கு மட்டும் முடிந்தால் காசு சேர்த்துக் கீழ்த்தளத்தில், நடைபாதைக்குக் கிட்ட எடுங்கள். மற்ற நாடகங்களுக்கு நாலாம் மாடியே போதும், ஒரு பைனாகுலர் கையில் இருந்தால் சரி.