கேப்டன் பிங்ஹாம்டன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: ‘மெக்கேல்ஸ் நேவி’யோடு ஆறு வருடம்

‘மெக்கேல்ஸ் நேவி’ என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் டிவிடி பெட்டி என் அலமாரிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நான்கு சீசன், 138 எபிசோடு, அத்தனையும் கறுப்பு வெள்ளை. இப்போது மூன்றாவது சுற்று ஓடுகிறது. ராத்திரி சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரே ஒரு எபிசோடு. அதற்கு மேல் பார்ப்பதில்லை.

வாங்கியதிலேயே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பழைய வட்டு விற்கிறவர் எந்த பிளேயரில் போட்டாலும் ஓடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வீட்டில் போட்டால் பிளேயர் வட்டை வெளியே தள்ளிவிட்டது. அமெரிக்க ரீஜன் வட்டு, அதாவது அந்தப் பகுதி பிளேயர்களில் மட்டும் ஓடும்படி பூட்டியது. கடைசியில் ஒரு பழைய லேப்டாப்பின் டிரைவை அந்த ரீஜனுக்கு மாற்றி, அங்கிருந்து டிவிக்கு ஒயர் இழுத்தேன். டிரைவ் ஐந்து தடவைதான் ரீஜன் மாற்ற விடும் என்பதால் அந்த லேப்டாப் இன்று இந்தத் தொடருக்கென்றே நேர்ந்துவிட்டது.

சரி, தொடருக்கு வருவோம். 1962 முதல் 1966 வரை அமெரிக்காவின் ஏபிசி டிவியில் வந்தது. இரண்டாம் உலகப் போர், தென் பசிபிக், தராதுபா என்றொரு கற்பனைத் தீவு. கடற்படைத் தொடர் என்றதும் பெரிய போர்க்கப்பலை எதிர்பார்க்காதீர்கள். இவர்களுடையது பிடி-73, ஒரு சின்ன டார்பிடோ படகு. அன்றைய ரசிகர்களுக்கு இந்த ரகப் படகை அறிமுகப்படுத்த வேண்டியிருந்திருக்காது. 1943இல் சாலமன் தீவுகளில் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மோதி உடைந்த பிடி-109இன் தலைவராக இருந்த கென்னடிதான், தொடர் தொடங்கியபோது ஜனாதிபதி.

படகின் தலைவர் மெக்கேலாக வருபவர் எர்னஸ்ட் போர்க்னைன். 1955இல் வந்த ‘மார்ட்டி’க்கு ஆஸ்கர் வாங்கியவர். அதற்கெல்லாம் முன்பு நிஜக் கடற்படையில் ஏறக்குறைய பத்து வருடம் வேலை பார்த்தவர். படகில் அவர் நிற்கிற நிற்பிலேயே அது தெரியும். அவருடைய ஆட்கள் தனியாக ஒரு தீவில் கூடாரம் போட்டுக்கொண்டு, சாராயம் காய்ச்சி, சூதாடி, போரை ஓரமாக நடத்துகிறவர்கள். இவர்களை அடக்கப் பார்ப்பவர் கேப்டன் பிங்ஹாம்டன். நடித்தவர் ஜோ ஃப்ளின். போருக்கு முன்பு பணக்காரர்களின் படகு கிளப் ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர் என்பது கதை. பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஓல்ட் லெட்பாட்டம்’. ஈயப் பிட்டத்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதல் சுற்றில் நான் முழுக்க மெக்கேல் கட்சி. பிங்ஹாம்டன் கண்ணாடிக்குள் கண்ணை உருட்டி, வாயை ஒரு பக்கமாக இழுத்து, “எப்பப் பார்த்தாலும் ஏன் எனக்கே?” என்று புலம்பும்போது சந்தோஷமாகச் சிரித்தேன். அதற்கப்புறம் அலுவலகத்தில் ஒன்பது பேரை மேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டாவது சுற்றில் அதே புலம்பலைக் கேட்டபோது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மனிதர் சொல்வதில் என்ன தப்பு? அரசாங்கப் படகில் மீன்பிடிக்கப் போகிறார்கள். கேட்டால் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானியப் போர்க் கைதி ஒருவரைச் சமையல்காரராக ஒளித்தே வைத்திருக்கிறார்கள். ராணுவச் சட்டப்படி பார்த்தால் பிங்ஹாம்டன் எண்ணுவது எல்லாமே சரி, நடப்பது எல்லாமே அவருக்கு எதிர். ஃப்ளின் ஒரு தடவைகூட அந்த ஆளை வெறும் வில்லனாக்கவில்லை. கோபத்தில் குரல் கீச்சென்று ஏறும், ஏறிய இடத்திலேயே உடையும். அந்த உடைசலுக்காகவே சில காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

டிம் கான்வே நடித்த என்சைன் (கடற்படையில் இளநிலை அதிகாரி) பார்க்கர் எல்லாருக்கும் பிடித்த பாத்திரம். மெக்கேல் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்டு, அதிலேயே ஐக்கியமாகிவிடுகிறவர். தடுக்கி விழுவது, சொல்ல வந்ததை மறப்பது எல்லாம் கான்வேக்குக் கைவந்த கலை. ஆனால் மூன்றாம் சுற்றில் கொஞ்சம் திகட்டுகிறது. பார்க்கரும் பிங்ஹாம்டனும் எதிரெதிரே மாட்டிக்கொள்ளும் காட்சிகள் மட்டும் இன்னும் பழசாகவில்லை.

நெருடுவதும் இருக்கிறது. சமையல்காரர் ஃபூஜியாக வரும் யோஷியோ யோடா ஜப்பானில் பிறந்தவர். போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகாத நேரத்தில், அமெரிக்க மாலுமிகள் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிற சிநேகிதனாக ஒரு ஜப்பானியரைக் காட்டியது பெரிய விஷயம். அதே தொடரில் எதிரே வரும் மற்ற ஜப்பானியச் சிப்பாய்கள் வெறும் கேலிப் பொம்மைகள். தீவுத் தலைவர் உருலுவாக வருபவரோ ஒரு வெள்ளைக்கார நடிகர். இந்த இடங்களில் ரிமோட்டைத் தேடுவேன்.

நான்காவது சீசனில் மொத்தக் கூட்டத்தையும் இத்தாலிக்கு மாற்றிவிட்டார்கள். படகு ஆட்கள், பிங்ஹாம்டன், ஒளித்து வைத்த ஃபூஜி உட்பட. எப்படிக் கொண்டுபோனார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. வோல்டஃபியோரே என்ற ஊரின் மேயர் கலகலப்பானவர்தான், ஆனால் தீவும் தென்னையும் போனதோடு தொடரின் சோம்பலான சுகமும் போய்விட்டது. மூன்றாம் சுற்றில் இதைத் தாண்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்குக்குக் காரணம், பதிவு செய்து ஒட்டிய சிரிப்புச் சத்தம். ஒருவர் கதவைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கும். இருபத்தைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்ததையும் போட்டால் தலை கனக்கும்.

போன மாதம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். “இது மெர்மெய்ட் மேன் குரல்தானே?” என்றாள். ‘ஸ்பாஞ்ச்பாப்’ கார்ட்டூனை ஆங்கிலத்திலேயே பார்க்கிறவள். அதில் வரும் கிழட்டு சூப்பர் ஹீரோ மெர்மெய்ட் மேனுக்கு போர்க்னைனும், அவருடைய சிஷ்யன் பார்னகிள் பாய்க்கு கான்வேயும்தான் குரல் கொடுத்தார்கள். உட்கார்ந்து அந்த எபிசோடை முழுசாகப் பார்த்தாள். முடிந்ததும் அவள் கேட்டது வேறு: “அந்தக் கண்ணாடி அங்கிளை ஏம்ப்பா எல்லாரும் ஏமாத்துறாங்க?”