உருகியது உருக்கா, அலுமினியமா?

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயம் எரிந்தபோது எனக்குப் பதினோரு வயது. மறுநாள் சாம்பலைக் கிளறிய அண்ணன் உள்ளங்கை அளவு கட்டி ஒன்றை எடுத்து, "இரும்பே உருகிப் போச்சுடா" என்றார். அம்மா வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். பாரமே இல்லை. அது எங்கள் அலுமினியச் சோற்றுப் பானை. பக்கத்திலேயே தோசைக்கல்லும் கவ்வாத்துக் கத்தியும் கறுத்துக் கிடந்தன, உருகவில்லை. கூரைத் தகரம் மட்டும் சுருண்டிருந்தது.

2001 செப்டம்பர் 11 பற்றி ஹட்டனில் நண்பர்களோடு பேசும்போதெல்லாம் அந்தப் பானைதான் நினைவுக்கு வரும். அன்று கடத்தப்பட்ட விமானம் மோதி எரிந்த, நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், 80ஆம் மாடியின் வடகிழக்கு மூலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒழுகியது. அது என்ன?

உருக்கு என்பது முதல் கட்சி. உருக்கு உருக ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். கட்டடத் தீ 1,000 பாகை அளவுக்கு ஏறும், அதற்கு மேல் போவது கடினம். ஆகவே சாதாரணத் தீயில் உருக்கு ஆறாக ஓடாது. இதை எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் கோபுரத்தைத் தகர்க்க யாரோ வேண்டுமென்றே தெர்மைற் வைத்து உருக்கினார்கள் என்பது இரண்டாவது கட்சி. அலுமினியத் தூளும் இரும்பு ஒக்சைட்டும் கலந்த தெர்மைற் 2,000 பாகையைத் தாண்டி எரியும். தண்டவாளங்களை ஒட்டவைக்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உருகிய அலுமினியம் பகல் வெளிச்சத்தில் வெள்ளிபோலத் தெரிய வேண்டுமே, ஏன் ஆரஞ்சு நிறம் என்று இவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இந்தத் தரப்பின் வலுவான வாதமும் இதுதான்.

மூன்றாவது, விமானத்தின் அலுமினியம். அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் இதையே சாத்தியமான விளக்கமாகச் சொன்னது. விமானக் கலப்பு உலோகங்கள் 475 முதல் 640 பாகைக்குள் உருகிவிடும். எரியும் தளபாடம், கம்பளம், பிளாஸ்டிக் எல்லாம் கலந்தால் நிறம் மாறும் என்றது. நிறம் பற்றிய விவாதம் அதோடு முடியவில்லை. ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்ப்பது நிறமல்ல, இடம். தெற்குப் பக்கமாக நுழைந்த விமானத்தின் சிதைவுகள் போய்க் குவிந்தது அதே வடகிழக்கு மூலையில்தான். தெர்மைற் கட்சி இந்தப் பொருத்தத்துக்குத் திருப்தியான பதில் தரவில்லை.

அப்புறம், கோபுரம் விழ உருக்கு உருக வேண்டியதே இல்லை. 600 பாகையிலேயே அதன் பலம் பாதியளவு போய்விடும். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதும்போது பார்த்திருப்பீர்கள்: இரும்பு சிவக்கும், அடித்தால் வளையும், ஒழுகாது.

இடிபாடுகளுக்கு அடியில் உருகிய உருக்கைக் கண்டோம் என்று மீட்புப் பணியாளர்கள் சிலர் சொன்னது வேறு கதை. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அங்கே டிசம்பர் வரை தீ கனன்றது. ஈயம் 327 பாகையில் உருகும். அலுமினியமும் கண்ணாடியும் ஏராளம். தணலாய் ஒளிரும் குழம்பு எந்த உலோகம் என்று கண் சொல்லாது. 2002இல் வெளியான ஆய்வு, சில உருக்குத் துண்டுகளைக் கந்தகம் அரித்திருந்ததைக் காட்டியது. இரும்பும் கந்தகமும் ஒக்சிசனும் சேர்ந்தால் 1,000 பாகையை நெருங்கும்போதே குழம்பாகிவிடும். அந்தத் துண்டுகளை வைத்துப் பேசுபவர்களோடு இரவு முழுக்க உட்கார்ந்து பேசலாம். வெறும் நிறத்தை வைத்துப் பேசுபவர்களிடம், கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன்.