ஜாஸ் மாண்டலின்: ஸ்கேல் சாதகமா, சோலோ மனப்பாடமா?

வயது ஏறிய பிறகு மாண்டலினில் ஜாஸ் பழக வருபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தினமும் ஸ்கேல், அதாவது ஆரோகண-அவரோகண சுர வரிசைச் சாதகம். அதிலும் திறந்த தந்தியை, அதாவது விரல் அழுத்தாத தந்தியை, தொடாமல் நான்கு விரல்களாலும் அழுத்தி வாசிக்கும் முறை. இன்னொன்று, ஜெத்ரோ பர்ன்ஸ், டைனி மூர் போன்ற ஜாஸ் மாண்டலின் கலைஞர்களின் பதிவுகளைக் கேட்டு, அவர்கள் கற்பனையாக வாசித்த தனி வாசிப்பான சோலோக்களைச் சுரம் சுரமாக எடுத்து மனப்பாடம் செய்வது. நடுவயது தாண்டி இரண்டையும் பழகிப் பார்த்தேன். இப்போது என் நேரத்தின் பெரும்பகுதி ஸ்கேலுக்குத்தான்.

சோலோ எடுத்தால் காது கூர்மையாகும், உட்காரும்போதே உற்சாகம் இருக்கும். ஸ்கேல் சலிப்பு தட்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: படித்ததைக் கையில் தக்கவைக்க எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற கேள்வி. இந்த வயதில் வேலை, குடும்பம், உடம்பு என்று ஏதாவது ஒன்று வந்து சாதகத்தில் இடைவெளி விழத்தான் செய்யும். மனப்பாடம் செய்த சோலோவில் நடுவே ஒரு துண்டு மறந்தால், அதற்குப் பின்னால் இருப்பதும் சேர்ந்தே போய்விடுகிறது. பத்து சோலோ தெரிந்தால் பத்தையும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டும்.

ஸ்கேலில் அந்தச் சுமை இல்லை. அதற்குக் காரணம் மாண்டலினின் சுருதி அமைப்பு. ஜி, டி, ஏ, இ என்ற மேற்கத்திய சுரங்களில் நான்கு ஜோடித் தந்திகள். ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம், அதாவது ச-ப இடைவெளி. மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம்தான். அதில் சரிகம எப்படியோ, பதநிச அப்படியே. ஆகவே ஜி தந்தியில் 5, 7, 9, 10 ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்காக இருக்கும் கட்டைகளில்) சி, டி, இ, எஃப் வாசித்துவிட்டு, டி தந்தியில் அதே 5, 7, 9, 10 வாசித்தால் ஜி, ஏ, பி, சி வந்து ஸ்கேல் முழுமையாகிவிடும். ஒரு விரலுக்கு ஒரு சுரம். கையை இரண்டு ஃப்ரெட் தள்ளினால் டி மேஜர். திறந்த தந்தி கலக்காததால் 12 சுருதிகளுக்கும் இந்த ஒரே வடிவம் போதும். மறந்தாலும் ஒன்றைத்தான் மறக்கிறோம், ஒன்றைத்தான் மீட்கிறோம்.

சரி, இது ஜாஸுக்கு எப்படி உதவும்? ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நகர்வு டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. மூன்றுக்கும் சுரங்கள் அந்த சி மேஜரிலேயே இருக்கின்றன. டி மைனர் 7-இன் சி, டி தந்தியின் 10-ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது. கார்ட் ஜி 7-க்கு மாறும்போது ஒரு ஃப்ரெட் இறங்கினால் பி. அடுத்து சி மேஜர் 7 வரும்போது, ஏ தந்தியின் 8-இல் இருக்கும் எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி இ ஆகும். இந்த இரண்டு இறக்கங்களையும் கார்ட் மாறும் தருணத்தில் வைத்து வாசித்தால், பக்கவாத்தியம் இல்லாமலே கார்ட் மாறுவது காதுக்குக் கேட்கும். நான் ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதைக் குறைத்து இதைத்தான் எல்லா சுருதிகளிலும் சுற்றி வருகிறேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம், நான்கு தட்டில் 2-ஆம், 4-ஆம் தட்டில் மட்டும் ஒலிக்கும்.

சிரமம் சுண்டுவிரலுக்குத்தான். இரட்டைத் தந்தியை அதனால் அழுத்துவது லேசில்லை. வலித்தால் உடனே நிறுத்துங்கள். நீண்ட அமர்வைவிடக் குறுகிய அமர்வு தினமும் நல்லது. அப்புறம், ஜாஸுக்கே உரிய ஊஞ்சலாடும் தாளமான ஸ்விங் நடை ஸ்கேலிலிருந்து வராது. அதற்காகவே ஒரு சோலோவில் நாலைந்து தாளச் சுற்றுகளை மட்டும் எடுத்து, கூடவே பாடி, மற்ற சுருதிகளுக்கும் மாற்றுகிறேன். முழு சோலோவுக்குப் போவதில்லை.

நான் மிதமான வேகத்தில், பெரும்பாலும் தனியாக வாசிப்பவன். பீபாப் என்ற வேகமான ஜாஸ் வகையிலோ, குழுவோடு மேடையிலோ இந்த முறை எவ்வளவு தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது. வயலின் ஏற்கெனவே வாசிப்பவர் என்றால் கணக்கே வேறு. அதே சுருதி அமைப்பு என்பதால் இந்த வடிவம் அவர் கையில் முன்பே இருக்கும். அவர் நேராக சோலோக்களில் இறங்கலாம்.