காசிமேட்டு வலைக்கடை: கோடைக் காற்றுக்கு நல்ல கயிறு, நல்ல வலை

வீட்டுக்குப் பின்னால் மரமும் ஷீட் கொட்டகையும் வைத்திருப்பவர்கள், கத்திரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வடசென்னைக் காசிமேட்டுக்குப் போய்வாருங்கள். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் படகுக்கு வேண்டிய கயிறு, வலை, மிதப்பு விற்கும் கடைகள் இருக்கின்றன. நான் போகிற கடையை ஒரு பெரியவரும் அவருடைய மருமகளும் நடத்துகிறார்கள். பெயர்ப் பலகை உப்புக் காற்றில் அழிந்துபோயிருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று தனியாக எதுவும் அங்கே கிடையாது. ஆனாலும் போன கோடையில் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுப் பின்கட்டு சேதமில்லாமல் தப்பியதற்கு அந்தக் கடைச் சரக்குதான் காரணம்.

பின்கட்டில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, துவைக்கிற கல், வாஷிங் மெஷினுக்கு மேலே பழைய சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை. மாடியில் மாமியாருடைய தொட்டிச் செடிகள். புயல் வருகிறதென்றால் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், எடுத்துவைக்க நேரம் இருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோதுகூட எங்கள் தெருவில் எல்லோரும் தயாராகத்தான் இருந்தோம். கோடை இடிமழை அப்படி வராது. மதியத்துக்கு மேல் திருவள்ளூர், திருத்தணிப் பக்கம் மேகம் கருக்கும், சாயங்காலம் கிழக்கே நகர்ந்து வரும். மழைக்கு முன்னாலேயே மேகத்திலிருந்து இறங்குகிற குளிர்ந்த காற்று தரையில் பரவிப் புழுதியோடு வந்து மோதும். மொத்தமாகக் கால் மணி நேரம் அடித்தாலே பெரிது. அதற்குள் ஷீட் போய்விடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும் என்பதால், சாதாரண நாளில் அசையாமல் நிற்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

பெரியவரை எனக்குப் பிடித்துப்போனது அவர் கேட்ட முதல் கேள்வியால். எத்தனை மீட்டர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் தொறந்து கெடக்குதும்மா? மேக்கேயா?" என்றார். மேற்குதான் என்றேன். "அப்ப மேக்கால மொதல்ல கட்டு. அங்க ரெண்டு கயிறு, மத்த பக்கம் ஒண்ணு போதும்." ஷீட் மேல் செங்கல்லும் பழைய டயரும் வைக்கிற வழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. பெருங்காற்றில் அது யார் தலையிலாவது விழும் என்றார். அவர் சொன்ன வழி இதுதான்: கொட்டகை முழுவதையும் மூடுகிற மாதிரி வலையை விரித்து, விளிம்புக் கயிற்றைச் சுவரில் அடித்த கொக்கிகளில் கட்ட வேண்டும். ஷீட் விளிம்பில் கயிறு உரசுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டு கொடுக்க வேண்டும். ஷீட் மேல் மட்டும் ஏறவே கூடாது. எங்கள் வீட்டில் ஏணியைச் சுவரோரம் சாத்தி, கம்பால் வலையைத் தள்ளித் தள்ளி விரித்தோம்.

கயிறு எல்லாம் எடைக் கணக்கு. நான் வாங்கியது 8 மி.மீ. நைலான், கிலோ 280 ரூபாய். அருகிலேயே பளபளவென்று நீலக்கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது, விலையும் குறைவு. அது பாலிபுரொப்பிலீன். தண்ணீரில் மிதக்கும், அதனால் படகில் அதற்கு வேலை உண்டு. ஆனால் மொட்டை மாடி வெயிலில் சீக்கிரமே நார் நாராகப் பொடியும். நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். காற்று வெடுக்வெடுக்கென்று இழுக்கும்போது அந்த நீட்சிதான் கொக்கியைப் பிடுங்கவிடாமல் காப்பாற்றுகிறது. விலை குறைந்த சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காமல் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள்.

வலையில் இரண்டு வகை வாங்கினேன். ஷீட்டுக்கும் குப்பைக்கும் பழைய இழுவலை, ஒரு அங்குலக் கண்ணி. மாடிச் செடிகளுக்குச் சின்னக் கண்ணியில் புதுசு. பச்சை நிழல்வலையைத்தான் பலரும் மாடியில் கட்டுகிறார்கள். வெயிலுக்கு அது சரி, பெருங்காற்றில் பாய்மரம் போல உப்பிக் கம்பத்தையே சாய்த்துவிடும். கண்ணி வலையில் காற்று பாதிக்கு மேல் ஊடுருவிப் போய்விடுகிறது. கண்ணாடி போன்ற மெல்லிய ஒற்றை இழையில் பின்னிய தங்கூசி வலை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தோட்டத்துக்கு வேண்டாம். இழை கண்ணுக்குத் தெரியாமல் அணிலும் மைனாவும் சிக்கித் துடிக்கும். கடை மருமகளும் இதையேதான் சொன்னார், கேட்க நிறைவாக இருந்தது.

ஆலங்கட்டிக்கு இது தாங்குமா என்று மாமியார் கேட்டார். சென்னையில் ஆலங்கட்டி மழை அபூர்வம். இங்கே வானத்தில் சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேல்தான் நீர் உறைகிற குளிர் இருக்கும். கீழே வருவதற்குள் கட்டி பெரும்பாலும் கரைந்துவிடும். தப்பி விழுகிற சின்னக் கட்டிகளைச் சரிவாக, விறைப்பாகக் கட்டிய வலை தடுத்துவிடும். இமாச்சல் ஆப்பிள் தோட்டங்களில் இதற்கென்றே வலை கட்டுகிறார்கள். தொய்வாக விட்டால் கட்டி நடுவில் சேர்ந்து வலையைக் கீழே இழுக்கும்.

மழைக்குப் பிறகு முற்றத்தைக் கூட்டுவதில்தான் இந்த வலை எனக்குப் பெரிய உதவி. முருங்கை லேசான காற்றுக்கே கிளை முறியும் மரம். தென்னை மட்டை, குரும்பை, பக்கத்து வீட்டு வேப்பஞ்சருகு எல்லாம் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். முன்பெல்லாம் சாக்கில் அள்ளினால் பாதி தண்ணீர், பாதி மண், தூக்கவே முடியாது. இப்போது பழைய வலையைத் தரையில் விரித்து, தென்னந்துடைப்பத்தால் எல்லாவற்றையும் அதன்மேல் தள்ளி, நாலு மூலையையும் சேர்த்துத் தூக்குகிறோம். தண்ணீரும் மண்ணும் கண்ணி வழியாக வடிந்துவிடும், சருகு மட்டும் நிற்கும். முறிந்த முருங்கைக் கிளையை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அன்றைக்குத் தெருவில் நாலு வீட்டிலாவது கீரைப் பொரியல்தான். ஒரு வலைத் துண்டைப் பந்தாகச் சுருட்டி மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் செருகினால் சருகு அடைக்காது. ஆனால் மழைக்கு நடுவில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாடியில் தண்ணீர் கட்டும்.

பக்கத்து வீட்டில் ஷீட் உடைந்தபோது துண்டுகளைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டப் போனார்கள், ஓடிப்போய்த் தடுத்தேன். பழைய ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, முழுத் துண்டாகவே எடுத்துத் தடித்த பையில் கட்ட வேண்டும். தெரு மரம் சாய்ந்தால் நாமே அரிவாளை எடுக்காமல் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். கிளைக்குள் மின்கம்பி சிக்கியிருந்தால் யாரையும் கிட்டே விடாதீர்கள்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. பழைய வலை நாறும். சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு தடவை அலசிக் காயப்போட்ட பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. எடை போடும்போது வலையில் ஈயக்குண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் சேர்த்துக் காசு போகும். சொன்னால் மறுக்காமல் அறுத்துவிட்டு எடை போடுகிறார்கள். பில் கேட்டால்தான் தருவார்கள். வண்டி நிறுத்த இடமே இல்லை, ஆட்டோவில் போவது மேல்.

போக நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். கடையில் நின்று பேச ஆளும் நேரமும் உண்டு. ஆனாலும் ஏப்ரல் கடைசிக்குள் போய்விடுங்கள், மே பிறந்தால் எந்தச் சாயங்காலம் மேகம் கருக்கும் என்று சொல்ல முடியாது. ஜூன் பாதிக்கு மேல் படகுக்காரர்கள் மொத்தமாக வாங்க வருவார்கள், பத்து மீட்டர் கேட்கிற நம்மைக் கவனிக்க அவர்களால் ஆகாது. கொட்டகையின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கயிற்றை வெட்டும்போதே நுனியை நெருப்பில் உருக்கித் தரச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். அப்படிச் செய்யாத நைலான் பிரிந்துகொண்டே போகும்.